ஒன்றரை அடிப் பந்து

தொலைவில் இருப்பதை எட்டுவதில் எனக்கு ஒருபோதும் சிரமம் இருந்ததில்லை. கிட்டத்தில் இருப்பதோடுதான் தகராறு. நெல்லூரிலிருந்து லாரித் தார்ப்பாய் மேல் படுத்துக்கொண்டே செங்கல்பட்டு வரை வந்து சேர்ந்தவன், புறவழிச் சாலையில் இறங்கி, வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, வேறொரு லாரியில் ஏறி விழுப்புரம் போயிருக்கிறேன். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்கு வரை எழுதினேன். மறுநாள் சமூக அறிவியல் ஒன்றுதான் பாக்கி. போகவில்லை. (அப்பா வேலை பார்த்த செங்கல் சூளை மூடிக் கிடந்தது, வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது என்பதெல்லாம் உண்மை. ஆனால் சமூக அறிவியல் எழுதாதே என்று எந்தச் சூளையும் சொல்லவில்லை.)

இப்படிப்பட்ட ஒருவன் வாழ்க்கையில் கோல்ஃப் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

லாரி கிளீனர், இறால் பண்ணைக் காவல், கொத்தனாருக்குக் கையாள், தண்ணீர் கேன் வண்டி என்று சுற்றிவிட்டு, கல்பாக்கத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் வந்து நின்றேன். பெயர் வேண்டாம். கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே அங்கே ஒரு சின்ன கோல்ஃப் மைதானம், ஒன்பது குழி. அதில் புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவது என் வேலை. திங்கட்கிழமை மதியம் விருந்தினர் கூட்டம் இருக்காது. வேலைக்காரர்கள் ஆடிக்கொள்ளலாம் என்று மேனேஜர் விட்டிருந்தார். சமையல்கட்டு ஆட்கள் இரண்டு பேர், காவலாளி ஒருவர், நான். விருந்தினர்கள் ஒடித்துப் போட்ட மட்டைகளுக்குச் சைக்கிள் டியூப் சுற்றி ஆடுவோம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பந்தைத் தூரத்திலிருந்து அடித்து அடித்துக் குழிப் பக்கம் கொண்டுவர வேண்டும். குழியைச் சுற்றிக் கம்பளம் மாதிரி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கும், அதற்குப் பெயர் கிரீன். அங்கே வந்த பிறகு அடிக்கக் கூடாது, தட்டையான ஒரு மட்டையால் உருட்டி விட வேண்டும். யார் குறைந்த தட்டில் குழிக்குள் போடுகிறாரோ அவர் கெட்டிக்காரர்.

முதல் அடியில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. பந்து சவுக்குத் தோப்புக் காக்கைகளைக் கலைத்துக்கொண்டு போய், குழிக்குப் பக்கத்தில் ஒரு விருந்தாளி மாதிரி உட்காரும். எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். அப்புறம் நான் நடந்து போய், கடைசி இரண்டு அடியை உருட்டுவேன். குழிக்கு இந்தப் பக்கம் போகும். திரும்ப உருட்டுவேன். அந்தப் பக்கம் போகும். அதற்குள் சமையல்கட்டு ஆட்கள் முடித்துவிட்டுப் பீடி பற்ற வைத்திருப்பார்கள்.

இதில் எனக்கு வருத்தமே இல்லை, ரோஸ்லின் வரும் வரைக்கும்.

ரோஸ்லின் அந்த ரிசார்ட் ஆபீசில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று போடும் வேலையில் இருந்தாள். எனக்கு மட்டும் தொடர்ந்து காலை ஷிப்ட்டாக விழுந்தபோது முதலில் ஏதோ தண்டனை என்று நினைத்தேன். காலையில் அவள் ஸ்டாஃப் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரமும் நான் ஆபீஸ் முன்னால் புல் வெட்டும் நேரமும் ஒன்றாக இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது. (நான் எட்டாவது பாதி என்பதை மறக்க வேண்டாம்.)

அவள் அப்பா சேவியர் சார். கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்தில் ஒரு அதிகாரி, கூட ஆட ஆள் இல்லை என்று இவரை இழுத்துக்கொண்டு போனார். அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், ஆட்டம் இவரை விட்டுப் போகவில்லை. காலை நேரத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு ரிசார்ட்டில் அனுமதி உண்டு என்பதால், ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்துவிடுவார். அவருக்கும் என் வியாதிதான். குழிக்கு ஒரு முழத் தொலைவில் இருக்கும் பந்தைக்கூட உருட்டித் தவறவிடுவார். ஒரே ஒரு வித்தியாசம், அவரிடம் காரணம் இருந்தது. ஒவ்வொரு தடவை பந்து விலகிப் போகும்போதும் நிமிர்ந்து, தூரத்தில் இயந்திரத்தோடு நிற்கும் என்னைப் பார்ப்பார். புல் சரியாக வெட்டப்படவில்லை என்று அர்த்தம். ஆக, நாங்கள் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அவருடைய தோல்விகளுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு என்று ஆகியிருந்தது.

ரோஸ்லின் தன் வீட்டில் எங்கள் விஷயத்தைச் சொன்ன மறுநாள், சார் நேராக என் இயந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"நிறுத்து."

நிறுத்தினேன்.

"எங்க பொண்ணு சொல்ற சூசை நீதானா?"

"ஆமா சார்."

"இன்னா படிச்சிகீற?"

"எட்டாவது சார்."

"பாஸா?"

"ஒரு பரீட்ச பாக்கி சார்."

"அதுக்கப்புறம்?"

"லாரி. அப்பால எறா பண்ண."

"எறா பண்ணையில இன்னா ஆச்சி?"

"நோவு வந்து எறா செத்துப் போச்சி சார்."

"நீ இன்னா பண்ண?"

"கெளம்பிட்டேன் சார்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எதுனா ஒண்ண முடிச்சிருக்கியா நீ? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

நேர்மையாக யோசித்தேன். "புல்லு வெட்டறது சார். தெனம் முடிச்சிடறேன்."

"அதான் மறுநாளே மொளச்சிடுதே."

குனிந்து, இயந்திரத்தில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டேன்.

"திங்கக்கெழம நான் கெளம்பசொல்ல நீ ஆடறத பாத்திருக்கேன்" என்றார். "மொத அடி ராஜா மாரி அடிக்கிற. கிட்ட வந்து பாம்ப அடிக்கிற மாரி நாலு அடி. ஆரம்பிக்கிறது எவனும் ஆரம்பிப்பான். என் பொண்ண கட்டிகினு போயி பாதியில எறங்கிட்டன்னா நான் எங்க போயி நிப்பேன்? அடுத்த மாசம் மொத ஞாயிறு, பூச முடிஞ்சி வரேன். ஒம்போது குழி ஆடுவோம். ஜெயிச்சன்னா ஒக்காந்து பேசலாம். தோத்தன்னா எந்த லாரி வருதோ அதுல ஏறிடு."

இதை ரோஸ்லினிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கப்பாவுக்கு மாப்பிள்ள தேவையில்ல. கூட ஆட ஆள் தேவ. ஆனா சொன்னா சொன்னதுதான், மாத்த மாட்டாரு. நீ போயி அந்தச் சின்ன பந்த கத்துக்க."

கற்றுக்கொள்வது எப்படி என்பதுதான் குழப்பம். போனில் தேடினால் உலகத்தில் உள்ள வெள்ளைக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மணிக்கட்டு ஆடவே கூடாது என்றார். அடுத்தவர் மணிக்கட்டைத் தளர்த்து என்றார். பந்தைப் பார் என்றார் ஒருவர். குழியைப் பார் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் எதையும் பார்க்காதே, பந்து குழியில் விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேள் என்றார். நான் கேட்டேன். கடல் சத்தம்தான் கேட்டது. மூச்சை இழுத்து நிறுத்தி உருட்டினால் தலை சுற்றியது, மூச்சை விட்ட பிறகு உருட்டினால் மட்டை தரையில் இடித்தது. இத்தனையும் கேட்ட பிறகு, முன்னால் இரண்டு பக்கம் போய்க்கொண்டிருந்த என் பந்து நான்கு பக்கமும் போக ஆரம்பித்தது.

எல்லா வீடியோவிலும் ஒரே ஒரு விஷயம் மட்டும் பொதுவாக இருந்தது. வீட்டிலேயே பழகு என்றார்கள்.

அப்போது நான் ரிசார்ட்டுக்குத் தெற்கே, கடப்பாக்கத்தில் பரசுவோடு தங்கியிருந்தேன். பரசு கடலுக்குப் போகிறவன். அவன் அண்ணன் வலை வைப்பதற்காகக் கட்டிய ஒற்றை அறையில், வலைகள் போக மீதி இடத்தில் அவனும், அவன் போக மீதி இடத்தில் நானும் படுத்துக்கொள்வோம். நல்ல சிமெண்ட் தரை. வழவழவென்று இருக்கும். ஒரு மூலையில் மட்டும் வலை கிடக்காது. அந்த மூலையில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கப் போட்டு, அதுதான் குழி என்று வைத்துக்கொண்டேன். மட்டை, விருந்தினர் யாரோ மறந்துவிட்டுப் போனது. ஆபீஸ் அலமாரியிலிருந்து ரோஸ்லின் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

முதல் உருட்டிலேயே பந்து டம்ளருக்குள் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது கொஞ்சம் விலகிப் போய், பிறகு மனம் மாறினதுபோல் வளைந்து உள்ளே போனது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அதுதான். எங்கிருந்து தட்டினாலும் டங் என்று டம்ளருக்குள். கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன், போனது. இடது கையால் தட்டினேன், போனது. ஒரு நாள் மட்டையை எடுக்கவே இல்லை, பந்தைக் கீழே வைத்தேன், அதுவே கிளம்பிப் போனது. அப்போதாவது ஒரு மனிதனுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? நான் கடல்காற்று என்று நினைத்தேன். பந்து நிற்கவில்லையே என்று அடியில் ஒரு சோற்றுப் பருக்கையை ஒட்டவைத்து நிறுத்தி, மறுபடியும் பழகினேன்.

பரசுவுக்கு இந்தச் சத்தம்தான் பிரச்சினை. "மச்சான், விடியறதுக்கு முன்ன கடலுக்குப் போவணும். கண்ண மூடுனா டங்கு டங்குன்னு அடிக்கிற. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

"கல்யாணத்துக்கு மச்சான்."

"எங்க ஊர்லயும்தான் கல்யாணம் பண்றானுங்க. எவன் வூட்லயும் டம்ளர ஒதச்சி நான் பாக்கல."

அந்த ஞாயிறு வந்தபோது, தெற்கே புதுச்சேரி வரைக்கும் என்னைப் போலக் கிட்டத்துப் பந்து உருட்டுகிறவன் எவனும் இல்லை என்ற நம்பிக்கையோடு பஸ் ஏறினேன்.

சேவியர் சார் பூசைக்குப் போன வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். கூட ரோஸ்லின், கையில் தண்ணீர் பாட்டிலும் நாஸ்தா கட்டிய ஒரு தூக்கும். அவர் விதியைச் சொன்னார். குழிக்குக் குழி கணக்கு. ஒரு குழியைக் குறைந்த தட்டில் முடிப்பவருக்கு அந்தக் குழி. ஒன்பது முடிந்ததும் யாரிடம் அதிகமோ அவர் வென்றார்.

முதல் குழியில் அவர் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவர் அதை உருட்டாமல் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தொண்டையைக் கனைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, மரியாதைக்கு நானும் கனைத்தேன். கடைசியில் அவரே உருட்டிப் போட்டுவிட்டு, "ஆடற மரியாத தெரியாதா உனக்கு?" என்றார். "இவ்ளோ கிட்ட இருந்தா எதிராளி 'எடுத்துக்குங்க'ன்னு சொல்லணும். சொல்லிட்டா உருட்ட வேணாம், போட்டதா கணக்கு."

எனக்கு இது புதுச் செய்தி. எங்கள் திங்கட்கிழமை ஆட்டத்தில் பந்து குழி விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சமையல்கட்டு ஆட்கள், "போடு பாக்கலாம்" என்பார்கள்.

சரி, மாமனார் ஆகப் போகிறவர், மரியாதை காட்டுவோம் என்று இரண்டாவது குழியில் காத்திருந்தேன். அவர் பந்து ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற தூரத்தில் இருந்தது. "எடுத்துக்குங்க சார்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "இன்னா, பிச்ச போடறியா?"

"மரியாதைக்கு சார்."

"அளவு தெரிஞ்சி குடு." திட்டிக்கொண்டே பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நான் எதையும் கொடுக்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை.

என் பந்து உருளும் கதைக்கு வருகிறேன். முதல் அடி வழக்கம்போல் காக்கைகளைக் கலைத்தது. கிட்டத்தில் வந்து நின்று, அறையில் நின்ற மாதிரியே நின்று, தட்டின மாதிரியே தட்டினேன். வீட்டில் எங்கே தட்டினாலும் டம்ளருக்குள் போன பந்து, இங்கே எங்கே தட்டினேனோ அங்கேயே போனது. இந்த அநியாயத்தை என்னால் நம்ப முடியவில்லை. குனிந்து புல்லைப் பார்த்தேன். வெட்டியது நான்தான்.

நான் தோற்றே போயிருக்க வேண்டும். காப்பாற்றியது சேவியர் சாரின் வியாதி. நான் மூன்று தடவை உருட்டினால் அவரும் மூன்று தடவை உருட்டினார்.

"புல்லு சரியில்ல" என்றார் ஐந்தாவது குழியில்.

"நான்தான் வெட்டினேன் சார்."

"தெரியுதே."

ரோஸ்லின் கிரீன் ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு பேரும் குழிய சுத்தி சுத்தி வரீங்க, தேர் சுத்தற மாரி. யாருனா ஒருத்தர் உள்ள போடுங்கப்பா, இட்லி ஆறிப் போச்சி."

எட்டுக் குழி முடிந்தபோது சமம். வெயில் ஏறிவிட்டது. ஒன்பதாவது குழி கடலை ஒட்டியது. அதன் கிரீனுக்குப் பக்கத்தில், சரிவில், ஒரு பெரிய மணல் குழி உண்டு. பந்து அதில் விழுந்தால் எழுப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு. சார் தட்டுத் தடுமாறி ஆறு தட்டில் முடித்தார். நான் நான்கு தட்டியிருந்தேன். என் பந்து குழிக்கு ஒன்றரை அடியில் நின்றது. ஒரே ஒரு உருட்டு, ஐந்தில் முடியும். குழி எனக்கு, ஆட்டம் எனக்கு, ரோஸ்லின் வீட்டில் உட்கார்ந்து பேச நாற்காலி எனக்கு.

சார் பந்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சரி, எடுத்துக்க" என்றார்.

அந்த இடத்தில் குனிந்து பந்தை எடுத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒன்பது குழியில் இவர் எனக்கு எதையும் கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிறார் என்றால், நான் போட மாட்டேன் என்று பரிதாபப்படுகிறார். நீ எதையாவது முடித்திருக்கிறாயா என்று கேட்ட மனிதர், முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் எடுத்துக்கொண்டு போ என்கிறார். அப்படி எடுத்துக்கொண்டு போனால் நாளைக்கு, சும்மா கொடுத்ததை வாங்கிக்கொண்டவன் என்றல்லவா பேச்சு வரும். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் பக்கத்து வீட்டு அம்மா குழம்பு கொண்டுவந்தால், சாப்பிட்டாயிற்று என்றுதான் சொல்லிப் பழக்கம். அதோடு நான் டம்ளரில் போடாத பந்தா?

"பரவால்ல சார்" என்றேன். "நானே முடிச்சிடறேன்."

"எடுத்துக்கன்னா எடு" என்றார்.

"இருக்கட்டும் சார்."

"சூசை, எடு" என்றாள் ரோஸ்லின் அந்தப் பக்கத்திலிருந்து.

"நீ சும்மா இரு ரோஸி."

மூச்சை இழுத்தேன். விட்டேன். பந்தைப் பார்த்தேன், குழியைப் பார்த்தேன், ஏதாவது சத்தம் கேட்கிறதா என்றும் கேட்டேன். ஒரு மாதப் பயிற்சியையும் திரட்டித் தட்டினேன்.

பந்து குழியை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றது.

பரவாயில்லை என்று திரும்ப உருட்டினேன். முதலில் நின்ற இடத்தையும் தாண்டிப் போனது. அடுத்ததில் கோபம் கொஞ்சம் கலந்துவிட்டது. பந்து கிரீன் விளிம்புக்குப் போய், ஒரு கணம் யோசித்து, சரிவில் இறங்கி, ஓடி, மணல் குழிக்குள் விழுந்தது. ஒன்றரை அடியிலிருந்து மணல் குழி வரைக்கும், யாருடைய உதவியும் இல்லாமல், உருட்டு மட்டையாலேயே கொண்டுபோய்ச் சேர்த்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

 அலை அடித்தது. சார் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. மட்டையைப் புல் மேல் மெதுவாகப் படுக்க வைத்தேன். "வரேன் சார்" என்றேன். சவுக்குத் தோப்பு வழியாக நடந்து சாலைக்கு வந்தேன். புதுச்சேரி பஸ் வந்தது. கை தானாக நீண்டது. இப்படி ஏறுவதில் மட்டும் எனக்குத் தவறியதே இல்லை.

கடப்பாக்கத்தில் இறங்கி அறைக்குப் போனபோது பரசு கழுவிய நண்டுகளைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். என் பையை எடுத்து இரண்டு சட்டையையும் லுங்கியையும் திணித்தேன்.

"இன்னா மச்சான், எங்க?"

"தெரியல. தெற்க எங்கனா."

"தோத்துட்டியா?"

"ஒன்றரை அடி மச்சான். ஒன்றரை அடியில போச்சி. இங்க எத்தினி தடவ போட்டேன், நீயே பாத்த. ஒண்ணுனா தவறிச்சா? அங்க போனா ஒண்ணுகூட வுழல. எனக்கு ஒண்ணும் புரியல."

பரசுவுக்கும் புரியவில்லை. ஆறுதலாக ஏதோ சொல்லத் திரும்பினவன் கால் பட்டு, நண்டு கழுவிய தண்ணீர் குண்டானோடு கவிழ்ந்தது. அறை முழுக்கத் தண்ணீர் பரவியது. பரவிய தண்ணீர் ஒரு நொடி நின்றது. பிறகு ஒரு சொட்டு மிச்சமில்லாமல், வரிசையாக, என் டம்ளர் கிடந்த மூலைக்கு ஓடியது. டம்ளருக்குள் புகுந்து வழிந்து, அதன் பின்னால் சுவரடியில் இருந்த ஓட்டை வழியாக வெளியே போனது.

நாங்கள் இரண்டு பேரும் அந்த மூலையையே பார்த்தோம்.

"வாட்டம்" என்றேன்.

தரை கழுவினால் தண்ணீர் தேங்காமல் ஓட்டைக்கு வடியட்டும் என்று கொத்தனார் தரையைச் சாய்த்துப் பூசுவார். அதற்குப் பெயர் வாட்டம். நானே கொத்தனாரோடு நின்று எத்தனையோ வீட்டுக்கு வாட்டம் பார்த்திருக்கிறேன். பார்ப்பதற்கு ஒரு கோலிக்குண்டை உருட்டித்தான் விடுவோம்.

"ஏன் மச்சான்" என்றான் பரசு நிதானமாக, "அப்ப ஒரு மாசமா இந்த வூட்டு தரைதான் பழகிச்சா? நீ பழகலையா?"

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. ரோஸ்லின்.

"எங்க கீற?"

"ஊருக்குக் கெளம்பிட்டேன் ரோஸி. நான் உனக்கு லாயக்கில்ல. தோத்துட்டேன்."

"யார் தோத்தது? யோவ், நீ ஜெயிச்சிட்ட."

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்ல. அப்பா கைய நீட்டிகினு நின்னாரு, உனக்குக் கை குடுக்கறதுக்கு. நீ 'வரேன் சார்'னு போயிட்ட. இன்னும் அதே எடத்துல நின்னுகினு கீறாரு. கோவத்துல இட்லிகூட துன்னல."

"பந்து மணல்ல போச்சே."

போன் கை மாறியது. சேவியர் சாரின் குரல். "ரூலு தெரியாம இன்னாத்துக்குடா ஆட வந்த? எதிராளி எடுத்துக்கன்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சிது. போட்டதா கணக்கு. அப்பறம் நீ உருட்டனாலும் சரி, மணல்ல வுட்டாலும் சரி, கடல்ல வுட்டாலும் சரி, அது கணக்குலயே வராது."

"நான்தான் வேணாம்னு சொன்னேனே சார்."

"வேணாம்னு சொல்ற உரிம உனக்குக் கெடையாது. குடுத்தத திருப்பி வாங்கற உரிம எனக்கும் கெடையாது. குடுத்தது குடுத்ததுதான்."

 "அப்ப நான் முடிக்கவே இல்லியே சார். நீங்க முடிக்கணும்னு சொன்னீங்க."

"நீ எங்க முடிச்ச? அது முடிஞ்சி போச்சி. வந்து கை குடுத்துட்டுப் போ. கை குடுத்தாதான் ஆட்டம் முடியும். நான் வெயில்ல நின்னுகினு கீறேன்."

போனை வைத்துவிட்டார்.

பரசு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். "இன்னா சொல்றாரு?"

"ஜெயிச்சிட்டேனாம்."

"மணல்ல போட்டதுக்கா?"

"அதுக்கு முன்னாடியே ஜெயிச்சிட்டேனாம்."

"அப்ப எதுக்கு உருட்டன?"

"அதான் எனக்கும் தெரியல."

அவன் பையை என் தோளிலிருந்து கழற்றி வலை மேல் போட்டான். "போ மச்சான். புரிஞ்சப்பறம் போறதுன்னா நீ எப்பவும் போவ மாட்ட."

எதிர்ப்பக்கம் போய் நின்று, வடக்கே போகும் பஸ்ஸுக்குக் கை காட்டினேன். எத்தனையோ இடத்திலிருந்து பஸ் ஏறிக் கிளம்பியிருக்கிறேன். கிளம்பின இடத்துக்கே திரும்பிப் போக ஏறியது அன்றுதான். நடுவில் இரண்டு நிறுத்தங்களில் இறங்கிவிடலாமா என்று கால் கேட்டது. சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாவது குழிப் பக்கம், சவுக்கு நிழலில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். சார் கடைசியில் இட்லியைத் தின்றுவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி நீட்டினார். பிடித்தேன். கையில் மிளகாய்ப் பொடி வாசம்.

"ஒண்ணு கேக்கலாமா சார்?" என்றேன். "ஒம்போது குழியில ஒண்ணும் குடுக்கல. அத மட்டும் ஏன் குடுத்தீங்க?"

"பசி" என்றார்.

ரோஸ்லின் மண்ணைப் பார்த்துச் சிரித்தாள். அவர் மணல் குழிக்குள் கையைக் காட்டி, "போயி உன் பந்த எடுத்துகினு வா" என்றார்.

எங்கள் கல்யாணம் நடந்தது. மகள் பிறந்து பேசவும் ஆரம்பித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அத்தை, ரோஸ்லினின் அம்மா, எனக்கு இன்னொரு துண்டு வஞ்சிரம் வைக்க வந்து, நான் போதும் என்று இலைக்கு மேல் கையை வைத்தால், மனைவி, மகள், மாமனார் மூன்று பேரும் ஒரே குரலில் "குடுத்தது குடுத்ததுதான்" என்பார்கள். நான் கையை எடுத்துவிடுவேன். கிட்டத்துப் பந்து இன்றைக்கும் எனக்கு விழுவதில்லை. மாமாவுக்கும் விழுவதில்லை. பூசை முடிந்து இரண்டு பேரும் மதியம் வரைக்கும் குழிகளைச் சுற்றிக்கொண்டிருப்போம்.

மாமா அந்த நாளுக்குப் பிறகு யாருக்கும் ஒரு விரற்கடைப் பந்தைக்கூட விட்டுக் கொடுத்ததில்லை. போன மாதம் படூரிலிருந்து புதிதாக ஒருவர் ஆட வந்தார். குழி விளிம்பில் தன் பந்து தொங்குகிறது, அதைக்கூடப் போடச் சொல்கிறாரே என்று அவருக்கு வருத்தம். "என்ன சார், இதையெல்லாம் கொடுத்துடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார்.

மாமா என்னைக் கட்டை விரலால் காட்டினார்.

"ஒரே ஒரு தடவ குடுத்தேன் சார். வூட்டோட வந்து ஒக்காந்துகினான்."